கல்வித் தந்தையின் அமாவாசைகள்

“இன்னாம்மா படிச்ச நீ? ரெண்டு வரி எழுதறதுக்கு ரெண்டு நாளா யோசிச்சிகினு கீற!”

சித்தப்பா கேட்டது நியாயம்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதோடு நிற்காமல் பட்டமும் வாங்கி, செய்யாறு பக்கம் ஒரு கம்பெனியில் ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அப்படிப்பட்டவளுக்குச் சொந்தத் தாத்தாவின் நினைவு நாள் பேனருக்கு வாசகம் வரவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

தாத்தா போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. இத்தனை நாள் இல்லாத பேனர் இந்த வருடம் எதற்கு என்றால், எதிர்வீட்டுக்காரர்கள் அவர்கள் வீட்டுப் பெரியவருக்கு ஒன்று வைத்துவிட்டார்கள். சேவூர் பஸ் ஸ்டாப்பில் எங்களுடையது அதைவிட உயரமாக நிற்க வேண்டும். தலைப்பைச் சித்தப்பாவே முடிவு செய்திருந்தார்: ‘கல்வித் தந்தை’. பேத்தி படித்திருக்கிறாள், ஆகவே தாத்தாதான் படிக்க வைத்திருப்பார் என்பது அவர் முடிவு.

என்னைப் படிக்க வைத்தது அம்மா. தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்த ராட்டையை அப்படியே விட்டுவிட்டு, என்னைத் தரதரவென்று இழுத்துப் போய்ப் பள்ளியில் சேர்த்தவர். இன்னும் உயிரோடு இருப்பதால் பேனருக்கான தகுதி அவருக்கு இல்லை.

தாத்தா செய்தது வேறு. அமாவாசையன்று எங்கள் வீட்டில் தறி ஓடாது. நெசவுக்காரர்களுக்கு அன்றுதான் விடுமுறை. தறியே நிற்கிற நாளில் பள்ளிக்கூடம் மட்டும் எப்படி நடக்கும் என்பது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. நான் யூனிஃபார்ம் போட்டு வாசலுக்கு வந்தால் வழிமறிப்பார்.

“தறிக்கே லீவு, உனக்கு இன்னாடி? வா, ஜல்தி.”

டவுன் பஸ் பிடித்து ஆரணிக்குப் போவோம். முதலில் பஜ்ஜி, பிறகு மேட்னி. படம் தொடங்கியதும் தூங்கிவிடுவார். திரும்பி வரும்போது பஸ்ஸில் முழுக் கதையையும் நான் சொல்ல வேண்டும். சண்டையைச் சுருக்கினால் கோபித்துக்கொள்வார்.

ஒருமுறை டீச்சர் அவரையே வரவழைத்தார். “மாசாமாசம் பொண்ணு லீவு போடுதே, உடம்புக்கு என்ன?”

“உடம்புக்கு ஒண்ணும் இல்லீங்க டீச்சர். அமாவாசைங்க.”

அதற்கு மேல் விளக்க என்ன இருக்கிறது என்பதுபோல் நின்றவர், பிறகு டீச்சரைப் பரிவோடு பார்த்தார். “உங்களுக்கு லீவே வுடமாட்டாங்களா? பேஜாருதாங்க.”

நான் எத்தனையாவது ரேங்க் என்று விசாரிக்காத ஒரே ஆள் அவர். முதல் ரேங்க் என்று நானே போய்ச் சொன்னபோதும், “இருக்கட்டும், சாப்டியா?” என்றுதான் கேட்டார். மற்ற எல்லோருக்கும் நான் படிக்கிற பெண். அவருக்குச் சினிமாத் துணை. ‘கல்வித் தந்தை’ என்று எழுதிவிட்டால் அந்த மனிதர் போய்விடுவார். அவர் இடத்தில் வேறு யாரோ ஒருவர் மாலை போட்டுக்கொண்டு சிரிப்பார்.

இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன்.

“பள்ளிக்கூடத்த கட்டடிக்க வெச்சவருன்னு பேனர் வெப்பியா? மானம் போவும்!”

அடுப்படியிலிருந்து அம்மாவும் சேர்ந்துகொண்டார். “வுடுடி. செத்தவர நல்லவருன்னு சொன்னா உனக்கு இன்னா போவுது?”

“அவரு நல்லவருதாம்மா. அதத்தான் எழுதணும்ன்றேன்.”

“அப்ப எழுதித் தொல!”

அம்மா திட்டியதை நான் அனுமதியாக எடுத்துக்கொண்டேன். ‘அமாவாசை தவறாமல் பேத்தியைச் சினிமாவுக்கு அழைத்துப் போனவர்’ என்று எழுதிப் பேனர் கடைக்கு அனுப்பினேன். கடைக்காரர் மாதிரிப் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு, “மேல பட்டம் எதுவும் வேணாங்களா மேடம்?” என்று கேட்டார்.

வேண்டாம், பிரிண்ட் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.