குள்ளர் வீட்டு வாசல்

ஈரோட்டுப் பக்கம் பிறந்து, கணவரின் தொழிற்சாலை வேலையால் ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தவள் நான். நாற்பத்தைந்து வயதில் பெருங்கற்காலக் கல்லறைகளை ஆராயக் கிளம்பினேன். செத்தவன் வீட்டைத் தேடுகிற நேரத்தில் நம் வீட்டையும் கொஞ்சம் பார் என்பது கணவரின் கேலி.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் நான் பார்த்த கல்லறைகளில் முன்பலகைக் கல்லில் ஒரு வட்டத் துளை இருக்கும்; அது கிழக்கே பார்க்கும். பூந்தமல்லிக்கு மேற்கே ஒருவரின் நிலத்தில் அதே மாதிரி ஒன்று கிடைத்தது. குள்ளர் வீடு என்று அங்கேயும் அதே பெயர். இரண்டு வட்டாரத்துக்கும் உறவு உண்டு என்று ஓர் இயலே எழுதிவிட்டேன். ஆனால் இங்கே துளை மேற்கே பார்க்கிறது என்றது என் குறிப்பேடு. மறுபடி நேரில் பார்க்காமல் ஆய்வேட்டைக் கொடுக்கக் கூடாது என்று நெறியாளர் சொல்லிவிட்டார்.

வரட்டுமா என்று நிலத்துக்காரருக்குப் போன் போட்டேன்.

"வாக்கா. நேத்துகூட ரெண்டு பேரு கார்ல வந்து கல்லெல்லாம் எடுத்துகினு பூட்டாங்க."

கோபத்தில் போனைத் துண்டித்தேன். வழியெல்லாம் கல் உடைப்பவர்களை, மனை விற்பவர்களை, போன வாரமே போகாத என்னை, எல்லோரையும் திட்டித் தீர்த்தேன். மூன்று வருட உழைப்பு அந்த ஒரு துளையில் இருந்தது.

போய்ப் பார்த்தால் ஒரு கல்கூட அசையவில்லை. அப்பாடா என்று மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூடுகல்லின் மேல் வாடிய மல்லிகைச் சரம் கிடந்தது. எடுத்தது போட்டோவாம், நிலத்துக்காரர் வந்து சொன்னார். கல்யாணம் நிச்சயமான ஜோடி ஒன்று, கல்மேல் உட்கார்ந்து விதவிதமாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. சமாதி என்று சொல்லவில்லையா என்று கேட்டேன். வீடு என்றுதான் சொன்னாராம்.

திசைகாட்டியோடு துளைக்குள் குனிந்தேன். அது மேற்கு என்றது. அப்போதுதான் உறைத்தது: மேற்கே பார்ப்பது என் முகம், துளை அல்ல. முதல் தடவையும் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, என் திசையை எழுதி வைத்திருக்கிறேன். துளை கிழக்கே, என் முகத்துக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. இயல் தப்பிப் பிழைத்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

விஷயத்தைச் சொன்னதும் நிலத்துக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இத்த போன்லயே கேட்டிருக்கலாமேக்கா. கிழக்கு பாத்த ஊடான்னு அந்தப் பொண்ணு மொதல்ல அதத்தான் கேட்டுச்சு."