ஒரு குவளை ஈயக்குட்டைத் தண்ணீர்

சுற்றுச்சூழல் புத்தாக்கமும் நீடித்த மேம்பாடும் என்ற பாடத்தை யாரும் விரும்பி எடுப்பதில்லை. அது கட்டாயப் பாடம். கணக்கியல் படிப்பவர்களும் பொறியியல் படிப்பவர்களும் ஒரே மண்டபத்தில் வந்து உட்காருவார்கள். வெளியே கம்பார் வெயில் கொளுத்தும். உள்ளே ஏர்கோன் குளிருக்கு ஜாக்கெட் போட்டுக்கொண்டு, பூமி சூடாவதைப் பற்றி நான் சொல்வதைக் கேட்பார்கள். கேட்பார்கள் என்பது என் ஆசை. பாதிப் பேர் கைப்பேசியில் இருப்பார்கள். பல வருடங்களாக அதே பாடம், அதே படங்கள். சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம்.

பருவ முடிவில் ஒவ்வொரு குழுவும் ஒரு புத்தாக்கத்தைச் செய்து போட்டியில் காட்ட வேண்டும். பெரும்பாலும் குப்பைத்தொட்டிதான் வரும். கையை நீட்டினால் மூடி தானாகத் திறக்கும் தொட்டி. சென்ற ஆண்டு ஒரு குழு மட்டும் தண்ணீர் வடிகட்டி செய்யப் போவதாகச் சொன்னது. மூன்று சீனப் பிள்ளைகள். தலைவி ஒரு தமிழ்ப் பெண். வகுப்பு முடிந்ததும் அவளைக் கூப்பிட்டு, ஏன் தண்ணீர் என்று கேட்டேன்.

"எங்க தோட்டத்துல தண்ணி சரியா வராது மேடம்."

"இன்னுமா தோட்டத்துல இருக்கீங்க?"

"தோட்டம்னு பேருதான். ரப்பர வெட்டிட்டு செம்பன போட்டாங்க. அப்புறம் தாமான் வீடுங்க கட்டுறவங்களுக்கு வித்துட்டாங்க. நாங்க கொஞ்சம் பேருதான் இன்னும் பழைய லயத்து வீட்டுல இருக்கோம். காலைல பைப்புல சொட்டு சொட்டா வரும். பின்னால பழைய ஈயக்குட்ட இருக்கு, ஈயம் தோண்டி விட்ட பள்ளத்துல தேங்குன தண்ணி. துணி தொவைக்க அங்கேருந்துதான் எடுப்போம்."

நீல பீப்பாயில் மணல், கூழாங்கல், செம்பனைக் கொட்டை ஓட்டை எரித்த கரி என்று அடுக்கடுக்காகப் போட்டு அவர்கள் வடிகட்டியைச் செய்தார்கள். மேலே தேத்தண்ணி நிறக் குட்டைத் தண்ணீரை ஊற்றினால் கீழே தெளிவாக இறங்கியது. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு மாணவர் வேலையைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனாலும் அன்றே சொன்னேன்: கலங்கல் போனது கண்ணுக்குத் தெரியும், ஆர்செனிக் என்ற நஞ்சு போனதா என்பது தெரியாது, பழைய ஈயக்குட்டைகளில் அது இருக்கக்கூடும். வடிகட்டுமுன்னும் பின்னும் எடுத்த தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பினோம். முடிவு வருவதற்கு முன்னால் போட்டி நாள் வந்துவிட்டது.

சிறப்பு விருந்தினர் டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பிரமுகர். பிளாஸ்டிக் புட்டித் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு மேசை மேசையாக வந்தார். வடிகட்டியைப் பார்த்ததும் நின்றார்.

"நல்லா தெளிவா இருக்கே. குடிக்கலாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"போலே, டத்தோ," என்றாள் அவள். குடிக்கலாம் என்று மலாயில் சொல்லிவிட்டு, ஒரு குவளையில் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனாள். சுற்றிலும் கைப்பேசிகள் உயர்ந்தன. நான் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆய்வு முடிவு இன்னும் வரல. இது குடிக்கிற தண்ணி இல்ல."

டத்தோ சிரித்தார். "மாணவர்மேல் விரிவுரையாளருக்கே நம்பிக்கை இல்லையா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். மலாய், சீனம், தமிழ் என்று மூன்று மொழியிலும் நன்றி சொல்லும் குப்பைத்தொட்டிக்கு முதல் பரிசு கிடைத்தது.

அன்று வெள்ளிக்கிழமை. வீட்டுக்குப் போகப் பஸ்ஸுக்குக் காத்திருந்தவளை ஈப்போவுக்குத் திரும்பும் வழியில் காரில் ஏற்றிக்கொண்டேன். நல்ல மழை. கம்பார் ஊர் எல்லை தாண்டியதும் கேட்டேன்.

"கோவமா?"

"இல்ல மேடம். ஒரு வாய்தானே குடிக்கப் போனேன். பயம் இல்ல. வீட்டுல குடிச்சிக்கிட்டுத்தானே இருக்கோம்."

"எத?"

"இந்தத் தண்ணியத்தான். வீட்டுலயும் ஒரு டிரம் செஞ்சு வெச்சிட்டேன். அம்மா அதுலதான் சாயா போடுறாங்க."

காரை ஓரமாக நிறுத்திவிட்டேன். கத்தலாமா என்று இருந்தது. கத்தத் தெம்பு இல்லை. "வீட்டுக்கு வழி சொல்லு," என்றேன்.

லயத்து வீட்டு வாசலில் அவள் அம்மா நின்றுகொண்டிருந்தார். துப்புரவு வேலைக்குப் போய்வந்த சட்டையை இன்னும் மாற்றவில்லை. என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"காய்ச்சித்தான்லா குடிக்கிறோம், டீச்சர்."

"காய்ச்சினா கிருமி சாவும்க்கா. இந்த நஞ்சு போகாது. தொவைக்கிறதுக்கு வெச்சுக்குங்க. குடிக்க மட்டும் வேணாம்."

அவர் வாசலோரம் இருந்த வடிகட்டி டிரம்மின் மேல் கை வைத்தார். "பிள்ள படிச்சு வந்து செஞ்சு குடுத்துச்சுன்னு தோட்டம் பூரா சொல்லிட்டேனே," என்றார். மகள் வீட்டுக்குள் போய்விட்டாள். அவர் போட்டு வைத்திருந்த சாயாவை எனக்குக் கொடுக்கவில்லை. என் கண்ணெதிரேயே வாசலில் ஊற்றினார்.

பருவ விடுமுறையில் ஆய்வு முடிவு வந்தது. ஆர்செனிக் பெரிதாகக் குறையவில்லை. இருக்கலாம் என்ற அளவைத் தாண்டித்தான் இருந்தது. நான் சொன்னது சரி என்று தெரிந்ததில் ஒரு நிம்மதியும் கிடைக்கவில்லை. அவளுக்கு அனுப்பினேன். "ஓகே மேடம்" என்று மட்டும் பதில் வந்தது. லயத்துக்குப் புதுக் குழாய் போட முடியுமா என்று தெரிந்த அலுவலகங்களையெல்லாம் கேட்டுப் பார்த்தேன். நிலம் இன்னொருவருடையது, அங்கே இருப்பவர்கள் எப்படியும் காலி செய்ய வேண்டியவர்கள்தான் என்றார்கள். ஒவ்வொருவரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

பல மாதம் கழித்து அவள் என் அறைக்கு வந்தாள். ஈப்போவில், புந்தோங்கில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு வாடகைக்கு மாறிவிட்டார்களாம்.

"பைப்ப தொறந்தா தண்ணி கொட்டுது மேடம். அம்மாவுக்குத்தான் படி ஏற முடியல. லிஃப்ட் கெட்டுப்போச்சு."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொல்லியாச்சு மேடம்."

அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது. என் மடிக்கணினியை அவள் எடுத்துக்கொண்டாள். இருவரும் மண்டபத்தை நோக்கி மெதுவாக நடந்தோம்.