சாவியைப் பிடுங்கும் கூட்டம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் ஸ்கூட்டர் சாவியை ஒருவர் பிடுங்கிக்கொண்டார். அன்று முழுவதும் நான் சந்தோஷமாக இருந்தேன்!

மனைவிக்கு வேலை மாற்றல். சென்னையிலிருந்து திண்டுக்கல்லுக்கு வந்து சில மாதங்கள் ஆகின்றன. தொப்பையைக் குறைக்கலாமே என்று தெருமுனை மைதானத்தில் ஷட்டில் ஆடுகிறவர்களோடு சேர்ந்தேன். மூன்று பேர். தோல் வியாபாரம் பார்க்கும் பஷீர் பாய் — கண்ணாடி இல்லாமல் கோடே தெரியாது, ஆனால் போட மாட்டார். வேடசந்தூர் மில் சூப்பர்வைசர் ஜான் — தோற்றால் கோபித்துக்கொண்டு பைக்கில் ஏறிவிடுவார். சாணார்பட்டி முருகேசன்... ஸ்கோர் சொல்வது இவர்தான். அதனாலேயே இவர் தோற்று நான் பார்த்ததில்லை.

தினமும் சண்டை. ஜான் பைக்கைக் கிளப்பியதும் யாராவது ஓடிப்போய்ச் சாவியைப் பிடுங்குவார்கள். "ஏலே, பெரிய இவரு... வாலே!" அப்புறம் எல்லாரும் டீக்கடைக்குப் போவார்கள்.

என்னிடம் மட்டும் சண்டை கிடையாது. "விடுங்கப்பா, சாருக்கே பாயிண்ட் போடுங்க." டீக்கடைக்குப் போனதும் எனக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி வேறு. கசக்குமா என்ன? கசந்தது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் மேனேஜருக்குக் கிடைக்கிற மரியாதை அது. பந்தியில் முதல் இலை உண்டு. பேச ஆள் இருக்காது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் எரிந்து விழுவேன்.

ஞாயிறன்று கடைசி பாயிண்ட். பாய் அடித்த பந்து எங்கள் கோட்டருகே விழுந்தது. "அவுட்!" என்று கத்தினேன்.

"யோவ், என்னய்யா அவுட்டு? சுண்ணாம்பு பறந்துச்சுய்யா!"

சாரைக் காணோம், யோவ் வந்துவிட்டது. எனக்கும் சுருக்கென்று கோபம். "மொதல்ல கண்ணாடியப் போட்டுட்டு வாங்க பாய்!"

"இம்புட்டு நாளா வாயே தொறக்கல, இன்னைக்குப் பேச்சப் பாரு!" என்றார் முருகேசன். என் பார்ட்னர் ஜான் எனக்காகக் கத்த, வாக்கிங் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

பேட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஸ்கூட்டரில் ஏறிச் சாவியைப் போட்டேன். ஹெல்மெட்டை மாட்டினேன். கழற்றினேன். மறுபடி மெதுவாக மாட்டினேன்... பின்னால் யாரும் வரும் சத்தமே இல்லை. ஜானுக்கென்றால் ஓடி வருவார்களே! நாளை காலை நான் எங்கே போவேன்? அழாத குறைதான்.

குறுக்கே ஒரு கை வந்து சாவியை உருவியது. பஷீர் பாய். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"செத்த நேரம் பொறுக்க மாட்டியாய்யா? முட்டி வலிக்காரன் ஓடியாற வேணாமா? வா, டீ ஆறுது."

டீக்கடையில் யாரும் நாற்காலி போடவில்லை. ஜான் இடித்துத் தள்ளிக்கொண்டு பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏன் லேட் என்று மனைவி போன் செய்தபோது, "சாவியப் புடுங்கி வச்சிருக்காங்க" என்றேன் பெருமையாக.

குறையே இல்லாத ஆட்கள் வரட்டும் என்று காத்திருக்கலாம். ஆனால் ஷட்டிலைத் தனியாக ஆட முடியாதே!

அப்புறம்... அந்தப் பந்து கோட்டில்தான் விழுந்தது. பாயிடம் சொல்லிவிடாதீர்கள்.