கூடைக் கயிற்றுக்குப் பொருள் சொன்னவர்கள்

சினிமாவில் மறைபொருள் தேடுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். படம் பார்த்தோமா, அழுதோமா, சிரித்தோமா, எழுந்து வந்தோமா என்று இருக்க வேண்டியதுதானே. அதை விட்டுவிட்டு, கதாநாயகி ஏன் பச்சைச் சேலை கட்டினாள், சுவர்க் கடிகாரம் ஏன் நின்று கிடக்கிறது, வில்லன் ஏன் இடது கையால் தண்ணீர் குடிக்கிறான் என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ளும் கூட்டம் ஒன்று உலகம் முழுக்க இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் நானும் கொஞ்ச காலம் இருந்தேன். வெட்கமாக ஒன்றும் இல்லை. அப்போது அது சுவாரசியமாகத்தான் இருந்தது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. இலங்கை மலையகத்தில், ஹட்டன் பஜாரில் ஒரு கொமினிகேசன் கடையில் எனக்கு வேலை. வெளிநாட்டுக்குக் கோல் எடுத்துக் கொடுப்பது, போட்டோ கொப்பி அடிப்பது, பிள்ளைகளுக்கு விண்ணப்பம் டைப் செய்து கொடுப்பது. கடையில் கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் இருந்தன. முற்பகலில் மழை பிடித்துவிட்டால் ஒரு ஈ, காக்கை வராது. அந்த நேரங்களில்தான் தமிழ் சினிமா ரசிகர்கள் கூடிப் பேசும் அந்தத் தளத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வேன். சென்னை, டொரண்டோ, லண்டன், கொழும்பு என்று எங்கெங்கோ இருந்தவர்கள் அதில் எழுதினார்கள். ஒருவருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. பூ, நட்சத்திரம், பறவை என்று எதையாவது சூட்டிக்கொண்டிருப்பார்கள்.

அந்த வருடம் ஒரு படம் ஓடோ ஓடென்று ஓடியது. இந்தியாவில் ஏதோ ஒரு மலையில் எடுத்தது. கதாநாயகனின் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். ஓரிடத்தில் அவள் குனிந்து அழும்போது கமெரா மேலே இருந்து அவளுடைய உச்சந்தலையைக் காட்டும். காதிலிருந்து காதுவரை, விரல் அகலத்துக்கு, முடியில்லாமல் ஒரு கோடு. அவ்வளவுதான் காட்சி. கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

ஆனால் நம் ஆட்கள் விடுவார்களா? அந்தக் கோடு என்ன என்று பக்கம் பக்கமாக விவாதம் தொடங்கிவிட்டது. அது ரயில் பாதை, மகன் அதில் ஏறிப் போகப்போகிறான் என்று இயக்குநர் முதலிலேயே சொல்லிவிட்டார் என்றார் ஒருவர். இல்லை, அது தொப்புள்கொடி என்றார் இன்னொருவர். அது கடல் என்றும், தாயை இரண்டு நாடாகப் பிளக்கிறது என்றும் டொரண்டோவிலிருந்து ஒருவர் உருகினார். இதற்காக ஒருவரையொருவர் முட்டாள் என்று திட்டிக்கொண்டு, பிறகு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்கள்.

நான் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. "அது கூடைக் கயிறு தேய்த்த இடம். கொழுந்துக் கூடை முதுகில் இருக்கும், அதன் கயிறு தலைக்கு மேலாகப் போகும். வருடக் கணக்கில் அழுத்தி அழுத்தி அந்த இடத்தில் முடி கொட்டிவிடும். என் அம்மாவுக்கும் அக்காவுக்கும் இருக்கிறது" என்று எழுதினேன்.

அந்தத் தளத்தில் ஒரு பறவையின் பெயரில் எழுதியவர்தான் பெரிய ஆள். அவர் வாய் திறந்தால் மற்றவர்கள் வாய் மூடிக்கொள்வார்கள். அவர் எனக்குப் பதில் எழுதினார். "சகோதரி, கண்ணுக்குத் தெரிவது முதல் படி. அதோடு நின்றுவிட்டால் கலையைத் தொடவே முடியாது. அந்தக் கோடு ஒரு தாயின் மௌனம். அதைப் பார்த்தபோது என் இரு கைகளும் தாமாகக் குவிந்தன." கீழே வரிசையாகப் பாராட்டு. நான் கம்ப்யூட்டரை மூடிவிட்டுப் போய்ப் பிளேன்டீ போட்டுக் குடித்தேன். எரிச்சல் அடங்கவில்லை.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டம் நோட்டன் பிரிட்ஜ் பக்கம். அக்கா பதினாறு முடிந்ததும் தோட்டத்தில் பேர் பதிந்து, கொழுந்து பறிக்க மலைக்குப் போனவள். முப்பதை எட்டிக்கொண்டிருந்தாள். வந்த வரன்களெல்லாம் எதையாவது சாக்குச் சொல்லித் தட்டிப்போயின. அக்கா வாய்விட்டு எதையும் கேட்கிறவள் இல்லை. ஆனால் அந்தத் தடவை சின்ன மாமா கொழும்பிலிருந்து ஒரு வரன் கொண்டுவந்தபோது, போட்டோவை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது சரியா வந்துட்டா நல்லாருக்கும் பிள்ள" என்று என்னிடம் சொன்னாள். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. கயிற்றை இறக்கிவைத்துவிட்டு ஒரு வீட்டுக்குப் போய் வாழ வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்தது. யாருக்குத்தான் இருக்காது?

மாப்பிள்ளைக்கு ஒரு அச்சகத்தில் வேலை. அவருடைய அப்பா ராகலைப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில், எங்களுடையதைப் போன்ற வரிசை வீடுகளில், பிறந்து, இளந்தாரியாக இருக்கும்போதே கொழும்புக்குப் போய்க் கடை போட்டவர். அம்மா டவுன்காரி. மகன் தோட்டத்தைப் போட்டோவில்தான் பார்த்திருப்பார்.

பொண்ணு பார்க்க வருகிற அன்று அக்கா அந்தக் கோட்டை மறைக்கப் பட்ட பாடு இருக்கிறதே! பின்னாலிருந்து முடியை முன்னுக்கு இழுத்துச் சீவினாள், நிற்கவில்லை. கடைசியில் கண்மையை எண்ணெயில் குழைத்து அந்தக் கோடு முழுக்கப் பூசிக்கொண்டாள். அதற்கு மேலே பூவை வைத்து ஊசி குத்தினாள். "தெரியுதா?" என்று கேட்டாள். நான் சுற்றிவந்து பார்த்துவிட்டு "ஒண்ணுமே தெரியலக்கா" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

வேன் வந்தது. இஸ்தோப்பில், அதாவது எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கு முன்னால் உள்ள தாழ்வாரத்தில், இரவல் கதிரைகளைப் போட்டு உட்காரவைத்தோம். லயமே எட்டிப் பார்த்தது. மாப்பிள்ளை பார்க்க நன்றாகத்தான் இருந்தார். மெதுவாக, அழகாகப் பேசினார். பேச்சோடு பேச்சாக அவருடைய அப்பா பெருமையாகச் சொன்னார்: "எங்க பையன் இன்டர்நெட்டுல சினிமாவப் பத்தி எழுதுறான். வெளிநாட்டுல இருக்கிறவங்கெல்லாம் படிக்கிறாங்களாம்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன பேர்லங்க எழுதுறீங்க?" என்று கேட்டேன். அவர் கூச்சத்தோடு சிரித்து அந்தப் பறவையின் பெயரைச் சொன்னார்.

என் எரிச்சலெல்லாம் பறந்துவிட்டது என்றால் நம்புங்கள். அன்றைக்கு என்னை மட்டம் தட்டியவர்தான். தட்டட்டும். சினிமாவில் ஒரு நடிகையின் தலையில் மேக்கப் போட்டு வரைந்த கோட்டைப் பார்த்துக் கைகுவித்தவர் இல்லையா? அக்காவின் தலையைப் பார்த்து முகம் சுளிக்காத ஒரே மாப்பிள்ளை இவராகத்தான் இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே ஓடிப்போய் அக்காவின் காதில் சொன்னேன். "ஒண்ணும் பயப்படாதக்கா, இவரு வேற மாதிரி ஆளு." அக்கா தேத்தண்ணித் தட்டை எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

தேத்தண்ணி கொடுத்தாயிற்று. "பெரியவங்க கால்ல விழுந்து கும்பிட்டுக்கம்மா" என்றார் சின்ன மாமா. அக்கா மாப்பிள்ளையின் அம்மா காலில் விழுந்தாள். பக்கத்துக் கதிரையில்தான் மாப்பிள்ளை. அவள் குனிந்ததும் ஊசி கழன்று பூ சரிந்தது. எண்ணெயும் கண்மையும் வேர்வையில் கரைந்து, அந்தக் கோடு நெடுகக் கண்மையின் கறுப்பும் கயிறு தேய்த்த தோலின் சிவப்புமாகத் திட்டுத் திட்டாய் நின்றது. மாப்பிள்ளை காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஆமாம், இழுத்துக்கொண்டார். நான் பார்த்தேன்.

"என்னா மதினி இது, புழுவெட்டா?" என்று அவருடைய அம்மா கேட்டார்.

எங்கள் அம்மா பதறிப்போய், "ஐயோ இல்லீங்க மதினி, கூடக் கயிறுங்க. எனக்கும் இருக்கு பாருங்க" என்று முக்காட்டை விலக்கித் தன் தலையைக் குனிந்து காட்டினார். "அண்ணே, நீங்களே சொல்லுங்கண்ணே. உங்களுக்குத் தெரியாததா?" என்று மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

அந்த மனுசன் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பெற்றவள் ராகலையில் கூடை தூக்கியவள்தானே? அவள் தோளில் தொங்கி வளர்ந்தவர்தானே? ஒரு வார்த்தை, "ஆமா, எங்க அம்மாவுக்கும் இருந்துச்சு" என்று சொன்னால் நாக்கு அழுகிவிடுமா? சொல்லவில்லை. "மழ வர்ற மாதிரி இருக்கு, எறங்குவோமா?" என்றுதான் சொன்னார். சீ!

கிழமை திரும்புவதற்குள் சின்ன மாமா வந்து தகவல் சொன்னார். "பையனுக்கு மனசு ஒப்பலயாம். தலையில அப்படி இருந்தா நாலு பேரு மத்தியில கூட்டிட்டுப் போக ஏலாதாம்." அம்மா அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதார். அக்கா அழவில்லை. மறுநாள் விடிய எழும்பி, கயிற்றுக்கு அடியில் வைக்கிற துணியை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு மலைக்குப் போனாள்.

இதோடு போயிருந்தால் வழக்கமான கதைதான். எங்கள் பக்கத்தில் இப்படித் தட்டிப்போகிற கல்யாணத்துக்குக் குறைவே இல்லை.

சில நாள் கழித்துக் கடையில் அந்தத் தளத்தைத் திறந்தேன். பறவையார் நீளமாக எழுதியிருந்தார். அந்தக் கோட்டைத் தான் நேரில் கண்டுவிட்டாராம். பனி மூடிய மலையில், ஒரு ஏழைப் பெண் தன் காலடியில் குனிந்தபோது, இருநூறு வருடச் சுமையைத் தன் கண் முன்னால் கண்டாராம். அதில் கறுப்பும் சிவப்பும் கலந்திருந்ததாம். கறுப்பு மண்ணாம், சிவப்பு உதிரமாம். அடப்பாவி, அது என் அக்கா பூசிய கண்மை! அவள் விழுந்தது உன் அம்மா காலில்! வேண்டாம் என்று சொல்லி அனுப்பியதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. கீழே கொட்டிக் கிடந்தது பாராட்டு. "கண்ணீர் வந்துவிட்டது ஐயா." "இதைப் புத்தகமாகப் போட வேண்டும்." "தலை வணங்குகிறேன்." எழுந்து போய்க் கடைக்குப் பின்னால் சாக்கடைக் கானில் காறித் துப்பிவிட்டு வந்தேன்.

பிறகு எழுதினேன். ஆத்திரத்தோடு அடித்ததில் எழுத்தெல்லாம் பிழை. "அந்தப் பெண் என் அக்கா. நீங்கள் அவளைப் பொண்ணு பார்க்க வந்தீர்கள். அந்தக் கோட்டுக்காகவே வேண்டாம் என்று சொன்னீர்கள். அதையும் எழுதுங்கள்."

பறவையார் வாயே திறக்கவில்லை. மற்றவர்கள் திறந்தார்கள். என்ன சொன்னார்கள் தெரியுமா? என்னைப் பொய்க்காரி என்று திட்டியிருந்தாலும் பரவாயில்லை. "அற்புதமான எதிர்வினை! இங்கே அக்கா என்பது மலையகத்தின் உருவகம்" என்றார் லண்டன்காரர். "பொண்ணு பார்த்துவிட்டு வேண்டாம் என்பது தோட்டத் தமிழருக்கு நாடு குடியுரிமை மறுத்ததைக் குறிக்கிறது" என்றார் இன்னொருவர். அப்புறம் அந்த இரண்டு பேருக்கும் சண்டை பிடித்துக்கொண்டது. என் அக்கா உருவகமா, படிமமா என்று! நான் அதோடு அந்தத் தளத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

அக்காவிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் என் மூஞ்சியைப் பார்த்தே அவள் கண்டுபிடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை, மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலியில் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். சோப்புக் கட்டியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"என்னப் பத்தி அவரு ஏதோ எழுதியிருக்காரு, இல்ல?"

மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மலை, பனி, கோடு, மண், உதிரம், இருநூறு வருசம், எல்லாம். இடையிடையே எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளையும் சேர்த்துக்கொண்டேன். அக்கா கோபப்படவில்லை. துணியைப் பிழிந்தபடி முழுக்கக் கேட்டாள்.

"மூஞ்சியப் பத்தி ஏதாச்சும் எழுதியிருந்தாரா?"

"யாரு மூஞ்சி?"

"என் மூஞ்சிதான்."

நான் யோசித்துப் பார்த்தேன். அத்தனை நீளத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

"இல்லக்கா" என்றேன்.

"எழுத மாட்டாரு" என்றாள் அக்கா. "நான் அன்னைக்கு எந்திரிச்சு நின்னப்புறம் அவர ரெண்டு தடவ நேராப் பாத்தேன் பிள்ள. ரெண்டு தடவையும் அவரு என் தலையத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு."