அண்ணன் உட்காராத இருக்கைகள்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் நான்தான் எழுத வேண்டும் என்று மதினி சொன்னபோது முடியாது என்றேன். கடைசிவரை கடையில் கூட இருந்தவள் நீதானே என்றார். கூட இருந்ததால்தான் முடியாது என்று அவர் முகம் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் எழுத ஒப்புக்கொண்டேன்.

அண்ணன் பிறந்தது கரிவலம்வந்தநல்லூரில். எனக்கு எட்டு வயது மூத்தவர். அப்பா தவறியதும் படிப்பைப் பாதியில் விட்டு ராஜபாளையத்தில் ஒரு குஷன் கடையில் சேர்ந்தார். பஸ் சீட்டுக்கும் ஆட்டோ சீட்டுக்கும் ரெக்சின் தைத்த சம்பளத்தில்தான் என்னைப் படிக்க வைத்தார், கட்டிக் கொடுத்தார். பிறகு சங்கரன்கோவிலில், ராஜபாளையம் சாலையில் சொந்தக் கடை போட்டார். தைக்கக் கொடுப்பவர்களைவிடத் துடைக்கக் கொடுப்பவர்கள் அதிகமாக வரவே, காரின் உள்பக்கத்தைச் சுத்தம் செய்வதையே தொழிலாக்கிக்கொண்டார்.

என் கணவர் காலமான பின் நான் வீட்டில் சுருண்டு கிடந்தேன். மூன்றாம் மாதம் அண்ணன் வந்து, நாளையிலிருந்து கடைக்கு வா என்றார். பெண்பிள்ளை கார் துடைப்பதா என்று உறவில் சிலர் முகம் சுளித்தார்கள். பெயர் எழுதவில்லை, இந்த மலர் அவர்கள் கைக்கும் போகும். அண்ணனோ என் கையில் ஒரு பிரஷ்ஷைக் கொடுத்தார். அந்த வேலைதான் என்னை எழுப்பி உட்கார வைத்தது.

அண்ணன் சாந்தமானவர் என்று எழுதினால் அவரை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். டேஷ்போர்டு பளபளக்க வேண்டுமென்று தேங்காய் எண்ணெய் தடவிக் கொண்டுவருபவர்களை அவர் சும்மா விட்டதில்லை. ஒரு கல்யாண வண்டியில் சீட்டுக்கே எண்ணெய் தேய்த்துவிட்டார்கள். மணப்பெண் இறங்கும்போது பட்டுச்சேலையின் பின்புறமெல்லாம் எண்ணெய். துடைக்கக் கொண்டுவந்த வண்டிக்காரரை அண்ணன் நிற்க வைத்து, "சீட்டுக்கு என்ன எண்ணெய்க் குளியலா நடக்கு?" என்று கேட்டார். சீட்டு நெடுநாள் உழைக்கட்டும் என்று புது வண்டியின் பாலிதீன் உறையைக் கழற்றாமலே ஓட்டுகிறவர்களும் உண்டு. அண்ணன் அதைக் கிழித்து, உள்ளே பூத்திருக்கும் பூஞ்சையைக் காட்டுவார். பாதுகாக்கிறேன் என்று சொல்லித்தான் பாதிப்பேர் கெடுக்கிறார்கள் என்பார்.

கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா முடிந்த வாரம் வரும் வண்டிகளில் திருநீறும் பிரசாதப் புற்றுமண்ணும் தையல் இடுக்கெல்லாம் ஏறியிருக்கும். ஈரத்துணி பட்டால் சேறாகிவிடும் என்று, காய்ந்த பிரஷ்ஷால் தட்டி உறிஞ்சி எடுத்த பிறகே தண்ணீர் தொடுவார். தோல் சீட்டுக்குச் சோப்பு நுரையில் நனைத்து இறுகப் பிழிந்த துணி, அது காயும் முன்னே உலர்ந்த துணி, கடைசியில் மெல்லிய மேற்பூச்சு. மேற்பூச்சை நான் அதிகம் ஊற்றினால், ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொல்லி என் கையிலிருந்து பாட்டிலை வாங்கிக்கொள்வார்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். துடைக்க வந்த வண்டியில் நாம் உட்காரக் கூடாது. கதவுக்கு வெளியே முட்டிபோட்டுத்தான் வேலை செய்வோம். அவர் முழங்கால்கள் இரண்டும் காய்த்துக் கறுத்துப் போயிருந்தன. எத்தனையோ ஆயிரம் சீட்டுகளைத் துடைத்தவர், ஒன்றிலும் சாய்ந்து உட்கார்ந்ததில்லை.

அன்று சிவகிரியிலிருந்து எலுமிச்சை வியாபாரி அண்ணாச்சி ஒருவரின் புது வண்டி வந்திருந்தது. வெண்ணெய் நிறத்தில் தோல் சீட்டு. காலையிலேயே பின் சீட்டை முடித்துவிட்டு முன் கதவைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணன் நெஞ்சைப் பிடித்தபடி அப்படியே தரையில் சாய்ந்தார். சட்டை முழுக்க வியர்வையும் சோப்புத் தண்ணீரும். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். அண்ணாச்சி வண்டியின் சாவி எங்களிடம் இருந்தது. பக்கத்துப் பேட்டரிக் கடைத் தம்பி ஓடிவந்து பின் கதவைத் திறந்தார்.

அண்ணன் ஏற மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டார். "ஏட்டி, துண்டு விரி. சட்டையெல்லாம் ஈரமா இருக்கு. அண்ணாச்சி வண்டி."

"அக்கா, அதெல்லாம் பெறவு பாக்கலாம். ஏத்துங்க" என்றார் தம்பி.

நான் உள்ளே ஓடினேன். கைக்கு எட்டிய துணியெல்லாம் பாலிஷ் கறை. சலவைத் துண்டுகள் பரணில் இருந்தன. ஸ்டூலைத் தேடி, ஏறி, துண்டுக் கட்டை அவிழ்த்து ஒன்றை எடுத்தேன். வெளியே வந்தபோது அண்ணன் கதவைப் பிடித்திருந்த கை கீழே கிடந்தது. துண்டை விரித்துத்தான் அவரை ஏற்றினோம். மருத்துவமனையில் மருத்துவர் பார்த்துவிட்டு, கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை மதினி என்னிடம், உடனே ஏற்றினீர்களா என்று கேட்டார். உடனே ஏற்றினோம் என்றேன். அது பொய். ஓராண்டாக மதினி போடும் சோற்றை அந்தப் பொய்யோடுதான் தின்றுவருகிறேன்.

எங்கள் துயரில் உடன் நின்ற உறவினர்களுக்கும், கடையை அடைத்துவிட்டு இறுதி ஊர்வலத்தில் நடந்துவந்த சாலைக் கடைக்காரர்களுக்கும் குடும்பத்தின் நன்றி. வண்டியை ஓட்டிய பேட்டரிக் கடைத் தம்பிக்கு இரண்டு நன்றிகள். ஓட்டியதற்கு ஒன்று, இத்தனை நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்ததற்கு ஒன்று. இனி அவர் மறைக்க வேண்டியதில்லை.

கருமாதி முடியும்வரை வண்டியைக் கேட்டு ஆள்கூட அனுப்பாத சிவகிரி அண்ணாச்சிக்கும் நன்றி. பதினேழாம் நாள் அவர் வந்தபோது நான் பின் கதவைத் திறந்தேன். முதல் வளைவிலேயே நழுவிய துண்டு காலடியில் காய்ந்து கிடந்தது. சீட்டில் அண்ணனின் முதுகு அளவுக்குக் கறை. அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்டேன். "உங்க அண்ணன் ஏறுனதுக்கு நீ எதுக்கும்மா வருத்தப்படுத? சீட்டு பெறவு எதுக்கு இருக்கு?" என்றார்.

இத்தனை நாள் ஊறிய கறை போகாது என்று நினைத்துக்கொண்டே முட்டிபோட்டேன். பிழிந்த துணியால் இரண்டு முறைதான் துடைத்தேன், போய்விட்டது. அன்று காலை அந்தச் சீட்டுக்கு மேற்பூச்சு போட்டவர் அண்ணன்தான். வியர்வை தோலுக்குள் இறங்கவே இல்லை. துண்டு விரிக்காமல் ஏற்றியிருந்தாலும் அந்தச் சீட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மதினி, என்னை மன்னித்துவிடுங்கள்.

தங்கை