என் மோவாய்க்கு ஒரு ரேஸர்

எனக்கு மோவாயில் முடி வளரும். பூனைமுடி என்று சொல்லித் தேற்றிக்கொள்ள முடியாத முடி. கறுப்பாக, தடிப்பாக, விரலால் தடவினால் தேங்காய்நார் போலக் குத்தும். மோவாயின் அடியிலும் இரண்டு தாடையோரங்களிலும் பத்தொன்பதாவது வயதில் தொடங்கியது. அப்போது செவிலியர் பயிற்சியில் இரண்டாம் வருடம். ஹார்மோன் மாறுபாட்டால் பெண்களுக்கு இப்படி வரும் என்று எங்கள் பாடத்தில் ஒரு பத்தி உண்டு. தேர்வுக்கு அந்தப் பத்தியை மனப்பாடம் செய்துவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நின்று பயந்தேன்.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாதவிலக்கு சீரானது, முடி அப்படியே இருந்தது. அம்மா போளூரில் ஒரு பார்லருக்குக் கூட்டிப்போனாள். நூல் போட்டு எடுத்த மறுநாள் மோவாய் முழுக்கப் பொரிப்பொரியாக வந்துவிட்டது. முடி நீக்கும் கிரீம் தடவியதில் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிந்து தோல் உரிந்தது. பிளாஸ்திரி ஒட்டி எடுத்தாலே இரண்டு நாள் சிவந்து கிடக்கிற தோல் எனக்கு. முடி கம்பி, தோல் பாலாடை. இரண்டும் ஒரே முகத்தில் வந்து சேர்ந்திருந்தன.

கடைசியில் ரேஸர்தான். நீல நிற பிளாஸ்டிக் ரேஸர், நாலைந்து தடவை இழுத்துவிட்டுத் தூக்கிப் போடுவது. என் கல்யாணம் நிச்சயமான வாரம் அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னாள். "மாப்பிள்ளைக்கு இதெல்லாம் தெரிய வேணாம். காலைல அவருக்கு முன்னாடி எழுந்து முடிச்சிக்க." கோபமாகச் சொல்லவில்லை. அவள் குரலில் பயம்தான் இருந்தது.

என் கணவர் சொந்தமாக ஒரு சின்ன லோடு வண்டி வைத்து ஓட்டுகிறவர். அவர் ஊரும் போளூர்ப் பக்கம்தான். எனக்கு ஜவ்வாது மலையில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் வேலை என்பதால், கல்யாணமானதும் அவரும் என்னோடு மேலே வந்துவிட்டார். மலையிலிருந்து புளி, சாமை, பலாப்பழம் என்று கீழே இறக்குவார். கீழேயிருந்து மளிகையும் சிமெண்டும் மேலே ஏற்றிவருவார். அதிகம் பேசமாட்டார். பேசினால் வண்டியைப் பற்றிப் பேசுவார்.

அம்மா சொன்னபடியே செய்தேன். தினமும் ஐந்து மணிக்கு எழுந்து, வீட்டுக்குப் பின்னாலிருக்கும் குளியலறையில் பச்சைத் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு, போன் வெளிச்சத்தில் அவசர அவசரமாக வழிப்பேன். கீழிருந்து மேலாக, அழுத்தி, நாலைந்து முறை. கொஞ்ச நேரத்தில் எரியத் தொடங்கும். மறுநாள் சிவந்த முண்டுகள் கிளம்பும். உள்ளே முடி சுருண்டு கிடப்பது தெரியும். ஊசியால் கிளறி எடுப்பேன். என்னிடம் வருகிற பெண்கள் யாராவது இப்படிச் செய்தால் திட்டியிருப்பேன். கொரோனா போய் எவ்வளவோ நாளாகியும் வேலையில் நான் மட்டும் மாஸ்க்கைக் கழற்றவில்லை. என் முகத்தையே பார்த்திராத எத்தனையோ கைக்குழந்தைகளுக்கு நான் தடுப்பூசி போட்டிருக்கிறேன். வீட்டில் அவர் மோவாயைப் பார்த்துக் கேட்கும்போது கொசுக்கடி என்பேன், வெயில் கொப்புளம் என்பேன். இந்தக் குளிரில் வெயில் கொப்புளம் எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டதில்லை.

கல்யாணமான ஏழாவது மாதம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மலைப்பாதையில் பாறை சரிந்து பஸ்ஸெல்லாம் நின்றது. அவர் வண்டியும் வாசலிலேயே நின்றது. என்னிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு ரேஸர், அதுவும் மொக்கை. வேறு வழி தெரியாமல் அதையே அழுத்தி அழுத்தி இழுத்தேன். இரண்டாம் நாள் மோவாயின் இடப்பக்கம் சீழ் கோத்துக் கட்டி வந்தது. அதற்கு மேல் வழிக்கவும் முடியாது. வீட்டுக்குள்ளேயே மாஸ்க் போட்டுக்கொண்டேன். சளி என்றேன். அவர் மிளகும் துளசியும் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். அடுப்புப் பக்கம் திரும்பி நின்று குடித்தேன்.

இப்படி மூன்று நாள் போயிருக்கும். ஒரு சாயங்காலம் டீ போட்டு என் எதிரில் வைத்துவிட்டு அவரும் உட்கார்ந்தார்.

"சளின்னு சொல்ற. ஒரு தும்மல் கூட கேக்கலயே."

மாஸ்க்கை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"மாஸ்க்க எடு. டீ ஆறிடப் போவுது."

"அப்புறம் குடிக்கறேங்க."

அவர் தன் டம்ளரையே பார்த்துக்கொண்டு சொன்னார். "இந்த வூட்டுக் குப்பைய நான்தான கொளுத்தறேன். அதுல நீலமா ரேஸர் கெடக்குது. நான் சலூனுக்குப் போறவன். வூட்ல வேற ஆம்பள யாரும் இல்ல."

டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டேன். "எப்பலருந்து தெரியும்?"

"கல்யாணமான ரெண்டாவது மாசத்துலருந்து."

"ஏன் கேக்கல?"

"நீயே சொல்லுவன்னு பாத்தேன். சொல்லல. சரி, சொல்ல இஷ்டமில்ல போலன்னு வுட்டுட்டேன். இப்ப நீ சரியா சாப்பிடக்கூட மாட்டேங்கற, அதான் கேட்டேன்."

மாஸ்க்கைக் கழற்றினேன். மூன்று நாள் முடியும் அந்தக் கட்டியும் அவருக்கு நேர் எதிரில் இருந்தன. அவர் அவசரப்படாமல் பார்த்தார். அருவருப்போடு பார்த்தால் எப்படி இருக்கும், பரிதாபத்தோடு பார்த்தால் எப்படி இருக்கும் என்று பல வருடமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்தவள் நான். இது இரண்டுமில்லை. எங்கே பழுது என்று குனிந்து பார்க்கிற முகம்.

"வலிக்குதா?" என்றார்.

அழுதுவிட்டேன். அவர் எழுந்துபோய் டீயைத் திரும்பவும் சூடு பண்ணி எடுத்துவந்தார்.

கட்டி ஆறும்வரை பிளேடு படக்கூடாது என்று எனக்கு நானே உத்தரவு போட்டுக்கொண்டேன். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன், மருந்து தடவினேன். இரண்டு வாரம் முடியோடுதான் வீட்டில் இருந்தேன். முதலில் அவர் பேச வாயெடுத்தாலே என் கை மோவாய்க்குப் போகும். பிறகு ஒருநாள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதுதான் கவனித்தேன், அன்று முழுக்க நான் மறைக்கவே இல்லை.

பாதை திறந்ததும் அவர் போளூருக்கு லோடு இறக்கப் போனார். வழக்கமாக முடி வெட்டிக்கொள்ளும் சலூனில் உட்கார்ந்து, முடி கம்பி மாதிரியும் தோல் மெல்லிசாகவும் இருந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். சலூன்காரர் இவர் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "உனக்கு அப்டி ஒண்ணும் இல்லயே, புல்லு மாதிரிதான இருக்குது" என்றாராம். "எனக்கு இல்லண்ணா, வேண்டியவங்களுக்கு" என்று இவர் சொல்லியிருக்கிறார். சலூன்காரர் மேற்கொண்டு யார் என்று கேட்கவில்லை. அவர் சொன்னதையெல்லாம் என் கணவர் வீட்டுக்கு வந்து வரி பிசகாமல் ஒப்பித்தார்.

"ரெண்டு பிளேடு, மூணு பிளேடு வெச்சது ஆவாதாம். மொத பிளேடு முடிய வெளிய இழுக்குமாம், அடுத்தது தோலுக்குக் கீழ வெட்டிடுமாம். அந்த முடி மேல வர்றதுக்கு வழி தெரியாம உள்ளயே சுருண்டுக்குது. அதான் உனக்குக் கட்டி. ஒத்த பிளேடு போட்டு, கழட்டி மாட்ற மாதிரி இரும்பு ரேஸர்தான் நல்லதாம். வெயிட்டா இருக்கணும். கை அழுத்தவே கூடாது, அதோட வெயிட்டே போதும்."

"வாங்கியாந்தீங்களா?"

"போளூர்ல கெடைக்கல. எல்லாக் கடையிலயும் பிளாஸ்டிக்குதான் தொங்குது."

அடுத்த வாரம் திருப்பத்தூருக்குப் புளி ஏற்றிப் போனார். திரும்பி வந்து வண்டியை விட்டு இறங்கியபோது அவர் முகத்தைப் பார்த்துப் பதறிப்போனேன். இடது கன்னத்தில் மூன்று இடத்தில் பேப்பர்த் துண்டு ஒட்டி, அதில் ரத்தம் ஊறியிருந்தது. வலது கன்னம் மழமழவென்று இருந்தது.

"இன்னாங்க இது?"

"பல்லு வெச்சது சரியில்ல. கடிக்குது."

சலூன் சாமான் விற்கிற கடை ஒன்றை விசாரித்துக் கண்டுபிடித்திருக்கிறார். அங்கே இரண்டு வகை ரேஸர் இருந்திருக்கிறது. பிளேடுக்குக் கீழே சீப்பு மாதிரிப் பல் வைத்தது ஒன்று, பல்லில்லாமல் வழவழப்பான பட்டை வைத்தது ஒன்று. தடித்த முடிக்குப் பல் வைத்ததுதான் என்று கடைக்காரர் சொல்ல, மெல்லிய தோலுக்குப் பட்டை வைத்ததுதான் என்று பக்கத்தில் நின்ற இன்னொருவர் சொல்ல, இவர் இரண்டையும் வாங்கிக்கொண்டார். வரும் வழியில் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, வண்டிக் கண்ணாடியில் பார்த்து, இடப்பக்கம் அதாலும் வலப்பக்கம் இதாலும் வழித்திருக்கிறார். பிறந்ததிலிருந்து அவர் தன் கையால் சவரம் செய்துகொண்டவர் இல்லை.

"உங்க முடி வேற, என் முடி வேற. உங்க தோலு வேற. நீங்க போட்டுப் பாத்து இன்னா தெரியப் போவுது?" என்றேன்.

"கடிக்குதா கடிக்கலயான்னு தெரியுமில்ல. இந்தப் பக்கம் தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தேன். வலப்பக்கம் ஒரு கீறல் இல்லை. இடப்பக்கத்துப் பேப்பர்த் துண்டுகளை நனைத்து எடுத்து மருந்து வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "எரியுது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

பட்டை வைத்த ரேஸரைக் கையில் வாங்கிப் பார்த்தேன். என் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் நீளம். உள்ளங்கையில் வைத்தால் எடைக்கல் போலக் கனத்தது. கைப்பிடியைத் திருகினால் தலை மூன்று துண்டாகக் கழன்றுவரும். நடுவில் பிளேடு வைத்துத் திரும்ப முடுக்க வேண்டும். பிளேடில் எது நல்லது என்று தெரியாமல் மூன்று வகையில் ஒவ்வொரு பாக்கெட் வாங்கிவந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பின்பக்கம் வெயில் விழுந்த பிறகு பார்க்கலாம் என்றார். ஐந்து மணிக்குப் போன் வெளிச்சத்தில் செய்துகொண்டிருந்த காரியத்துக்கு அன்று முதன்முதலாக வெயில் கிடைத்தது. அவர் வெந்நீர் வைத்தார். துண்டை நனைத்துப் பிழிந்து முடி இளகும்வரை மோவாயில் வைத்திருந்தேன். பிறகு விரலால் தடவி, முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தேடினேன். தாடையோரத்தில் நேர் கீழாக இறங்கியது. மோவாயின் அடியில் இடது காதைப் பார்த்துக் குறுக்கே ஓடியது. இத்தனை வருடம் நான் எல்லாவற்றையும் எதிர்த்திசையில் சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறேன். மற்றவர்கள் உடம்பைப் பார்த்துப் பழகியவள், என் முகத்தை ஒருநாளும் நிதானமாகத் தொட்டுப் பார்த்ததில்லை.

அவர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். சோப்பு நுரைக்கு மேல் ரேஸரை வைத்தேன். வண்டியைப் பின்னால் எடுக்கிறவருக்குச் சொல்வதுபோல அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"மெதுவா. அழுத்தாத. வா, வா, வா. அங்க போதும்."

"நீங்க பேசாம இருங்க. சிரிப்பு வருது, வெட்டிக்கப் போறேன்."

"சரி. பேசல. கொஞ்சம் லெஃப்ட்ல வா."

முதல் வகை பிளேடு முடியை இழுத்தது. கழற்றி வேறொன்று மாட்டினேன். அது சரசரவென்று சத்தத்தோடு இறங்கியது, இழுப்பே இல்லை. சாய்ந்த திசையிலேயே ஒரு முறை, நுரை பூசி இன்னொரு முறை, அவ்வளவுதான். தடவினால் லேசாகச் சொரசொரத்தது. அந்தச் சொரசொரப்பை விட்டுவிட வேண்டும், அதையும் எடுக்கப் போனால்தான் கட்டி வரும் என்று சலூன்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். விட்டுவிட்டேன். மத்தியானம்வரை எரியும் என்று காத்திருந்தேன். எரியவில்லை.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. பழைய முண்டுகள் அடங்க இரண்டு மாதமானது. மூன்றாவது சவரத்தில் அவசரப்பட்டு அழுத்தி ஒரு வெட்டு விழுந்தது. தினமும் வழிப்பதை விட்டு இரண்டு நாளுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டேன், மூன்று சவரத்துக்கு ஒரு புது பிளேடு. கட்டி வந்த இடத்தில் கறுத்த தழும்பு இன்னும் இருக்கிறது. மாஸ்க்கை ஊசி போடும் நாட்களில் மட்டும் போடுகிறேன். முதன்முதலாக மாஸ்க் இல்லாமல் போன நாளில், மாதாமாதம் வருகிற ஒரு கர்ப்பிணிப் பெண் என்னைப் பார்த்து, நர்சம்மா இன்னைக்கு வரலையா என்று என்னிடமே கேட்டாள்.

மாசி மாதம் என் மாமியார் ஒரு வாரம் தங்கிப் போக வந்தார். குளியலறை ஜன்னலில் இருந்த ரேஸரை வந்த அன்றே பார்த்துவிட்டார். "என் புள்ள சொந்தமா ஷேவிங் பண்ணிக்கறானா? பரவால்லயே" என்றார். என் கணவர், "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு வண்டிக்குப் போய்விட்டார். அவர் முகத்தில் நாலு நாள் தாடி இருந்தது. அத்தை அந்தத் தாடியையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். அப்புறம் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் அவர் லோடுக்குப் போயிருந்தார். அத்தை பின்பக்க வெயிலில் உட்கார்ந்து கூப்பிட்டார்.

"இங்க வாம்மா. எனக்கு மோவாய்ல ரெண்டு முடி குத்திகினே இருக்குது. கண்ணு தெரிய மாட்டேங்குது. அந்த ரேஸர எடுத்தாந்து வழிச்சி வுடேன்."

போய்ப் பார்த்தேன். நரைத்த முடி, மூன்றோ நாலோ இருந்தது. "இதுக்கு ரேஸர் வேணாம் அத்தை. பிளக்கர்லயே எடுத்துடலாம்" என்று சொல்லி எடுத்துவந்து எதிரில் உட்கார்ந்தேன். அவர் கண்ணை மூடி முகத்தை நிமிர்த்தினார்.

"உங்க மாமா இருந்த வரைக்கும் கதவ சாத்திகினு நானே புடுங்கிக்குவேன். கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது."

ஒரு முடியை எடுத்தேன்.

"உனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி போலக்குது."

"ஆமா அத்தை."

"அவனுக்குத் தெரியுமா?"

"அவருதான் ரேஸர் வாங்கியாந்தாரு. திருப்பத்தூர் போய், தேடி."

அத்தை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். என் கன்னத்தை ஒருமுறை தடவிவிட்டு, மோவாயை மறுபக்கம் திருப்பிக் காட்டினார்.

"இந்தாண்ட ஒண்ணு இருக்கும் பாரு," என்றார்.