மைதானத்துக்கு முதுகு காட்டி நின்றவர்

உத்திரமேரூர் பக்கத்துக் கல்லூரியில் கால்பந்து ஆட்டம். எல்லோரும் மைதானத்தைப் பார்க்க, தலையில் ஈரத்துண்டு போட்ட அந்த ஒல்லி மனிதர் மட்டும் ஏரிக்கரையைப் பார்த்தபடி கோச்சைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"இவனெல்லாம் ஒரு கோச்சா? கூட ரெண்டு அசிஸ்டென்ட் வேற. தண்ணி பாட்டில் தூக்கவா வந்தானுங்க?"

தோற்றால் மூவரையும் அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. ஏழாவதோடு நின்றவன் நான். கோல்கீப்பரான என் மகனுக்கு ஃபீஸ் இல்லாமல் சீட்டு வாங்கித் தந்தவர் அந்தக் கோச்தான். புதிதாக வருகிறவர் என் மகனை வைத்துக்கொள்வாரா?

"உங்க புள்ளயும் ஆடுறானாண்ணா?"

"எனக்கு யாரும் இல்ல நைனா. நான் பாத்தா நம்ம டீம் கோல் வாங்கிடுது. அதான் திரும்பிக்கினு கீறேன்."

"இவ்ளோ திட்றீங்களே, கோச்சு போனா நல்லதுதான?"

"இன்னா பேச்சு இது! நான் திட்டுவேன். அதுக்கோசரம் வூட்டுக்கு அனுப்பிடுவாங்களா?"

சமநிலையிலேயே போய்க்கொண்டிருந்த ஆட்டம் முடியும் நேரத்தில் எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தது.

"நீயும் பாக்காத," என்று என் தோளைப் பிடித்துத் திருப்பினார். மகனுக்கு முதுகைக் காட்டி நின்றேன். விசில் ஒலித்தது. வெளியூர்க்காரர்கள் பக்கமிருந்து மட்டும் கூச்சல் எழுந்தது.

"நாம பாக்கவே இல்லயே, நைனா," என்றார். குரல் உடைந்துவிட்டது.

சீட்டை இழக்கப்போவது என் மகன். ஆனால் துண்டால் முகத்தை மூடி அழுத அவரை, பஸ் ஸ்டாப்பு வரை நான்தான் கைபிடித்துக் கூட்டிப்போனேன்.